ஏ9 வீதியில் கார் அடிபட்டால் என்ன செய்வது?

இலங்கையில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இரவில் கார் ஓடியவர்களுக்குத் தெரியும்: ரோட்டில் படுத்திருக்கும் மாடு, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம், ஒழுங்கைக்குள்ளால் திடீரென்று ஏறும் மோட்டார் சைக்கிள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனாலும் சில நாள் அடிபடத்தான் செய்கிறது. நான் ஒருமுறை பிழைவிட்டுப் படித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நில்லுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி சாரதி நிற்கவேண்டும், காயப்பட்டவருக்கு உதவவேண்டும், பெயர் விலாசம் கொடுக்கவேண்டும், பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். நிற்காமல் ஓடினால் அது வேறொரு குற்றம். அம்புலன்சுக்கு 1990, காசு இல்லை. பொலிசுக்கு 119. சனம் கூடி அடிக்க வருகிறதென்றால் நின்று நியாயம் பேசவேண்டாம். நேரே பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

2. வாகனத்தை அசைக்க முதல் படம் எடுங்கள். நசுங்கிய இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. நடுக்கோடு, சில்லு இழுபட்ட தடம், இரண்டு இலக்கத் தகடுகள், பக்கத்தில் உள்ள கிலோமீற்றர் கல் எல்லாம் தெரியவேண்டும். பார்த்தவர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

3. அங்கே நின்றபடியே காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு எடுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் காரின் சேதத்துக்கு ஒன்றும் வராது. மற்றவருக்கு நேர்ந்ததற்குத்தான் அது.

4. "அண்ணை, பொலிசுக்குப் போகாமல் எங்களுக்குள்ள முடிப்பம்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கண்ணாடி மட்டும் உடைந்ததென்றால் சரி, முடியுங்கள். யாருக்காவது கீறல் பட்டிருந்தாலும் வேண்டாம். இரவில் சிரித்துக் கைகொடுத்தவர் மறுநாள் முதுகு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அப்போது முறைப்பாடு அவருடையது மட்டும்தான் இருக்கும்.

5. வாக்குமூலம். நான் கோட்டை விட்டது இங்கேதான். மோட்டார் சைக்கிள் வந்தது வலப்பக்க ஒழுங்கையால். என் வலது முன்விளக்குத்தான் உடைந்தது. என் வாக்குமூலத்தைப் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். எனக்குப் பசி, பயம், நேரம் இரவு பதினொன்று. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். பிரதி எடுத்து ஒருவரிடம் வாசிப்பித்தபோதுதான் தெரிந்தது, அதில் 'இடப்பக்கம்' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லால் காப்புறுதிக் காசு மாதக்கணக்கில் இழுபட்டது.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழும் நிர்வாக மொழி. ஆகவே தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், பணிவாகவும் விடாமலும். எழுதியதை வாசித்துக் காட்டும்வரை பேனையைத் தொடவேண்டாம். பொலிசார் நாடா பிடித்து அளந்து வரைபடம் கீறும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். அப்புறம் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.

6. காயம் சிறிதென்றாலும் அன்றைக்கே அரச ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் (வழக்குக்காகக் காயத்தைப் பரிசோதிக்கும் வைத்தியரின்) அறிக்கை இல்லாமல் பிறகு நட்டஈடு கேட்பது கஷ்டம். உயிரிழப்பு என்றால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். சட்டத்தரணி இல்லாமல் அங்கே போய் நிற்கவேண்டாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

7. நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போடவேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து தவணையைத் தவறவிட்டவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு வழக்குகள்.

கடைசியாக, பற்றுச்சீட்டுகளையும் பிரதிகளையும் ஒரு பைலில் போட்டு வீட்டில் வையுங்கள். காருக்குள் வேண்டாம். கார் எத்தனை நாள் பொலிஸ் நிலைய வளவில் நிற்குமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.