வெளிநாட்டில் பயிற்சி ஆசிரியரா? சனி, ஞாயிறை இப்படிச் செலவிடுங்கள்

ஊர் சுற்றக் கிளம்பும் முன் விசாவை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால், பக்கத்து நாட்டுக்குப் போனவர் புது விசா இல்லாமல் திரும்பி வர முடியாது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம்.

அப்புறம், திங்கட்கிழமைப் பாடத்திட்டத்தை வெள்ளி மாலையே பள்ளியில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ரயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று முதல் வாரம் நினைத்தேன், நடக்கவில்லை.

எங்கே போவது என்று வகுப்புப் பிள்ளைகளிடமே கேளுங்கள். நான் கேட்டதும் ஒரு சிறுமி கரும்பலகையில் ஆற்றை வரைந்து, அதன் வளைவில் ஒரு புள்ளி வைத்து, "இங்கேதான் என் தாத்தா படகு ஓட்டுவார்" என்றாள். சனிக்கிழமை அந்தப் புள்ளியைத் தேடிப் போனேன். திங்களன்று படகுச் சீட்டை மேசையில் வைத்தபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! சீட்டிலிருந்த நேரங்களை வைத்தே அன்றைய கணக்குப் பாடத்தையும் நடத்தினேன்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். வழிபாடு, திருவிழா என்றால் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஞாயிறு கடைசி வண்டியை நம்ப வேண்டாம். அதற்கு முந்தைய வண்டியிலேயே திரும்பிவிடுங்கள்.