ஃப்ராங்கன்ஸ்டைன பேய்க்கதையா இல்லாம தனிமைக் கதையா படிக்கிறது எப்படி

இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்த பசங்களுக்கு இது சிலபஸ்ல வர்ற நாவல், மத்தவங்களுக்கு கழுத்துல போல்ட் போட்ட ஒரு பச்ச மூஞ்சி. ரெண்டு பேருமே புக்க முழுசா படிச்சிருக்க மாட்டாங்க, நோட்ஸ்லயோ படத்துலயோ முடிச்சிருப்பாங்க. 1931 படத்துல அந்த ஜீவன் உறுமிக்கிட்டே திரியும், வாயத் திறந்து ஒரு வார்த்த பேசாது. நாவல்ல தலைகீழ், அதுதான் இருக்கறதுலயே அழகா பேசுற ஆளு, ஆனா காது குடுக்க ஒருத்தர் கிடையாது. அதனால படம் பாக்குறத தள்ளி வெச்சுட்டு மொதல்ல புக்க எடுங்க.

புக்குக்கு செலவே இல்ல, காப்பிரைட் எல்லாம் எப்பவோ போச்சு, நெட்ல ஃப்ரீயா கிடைக்குது. பேப்பர்லதான் வேணும்னா சென்னையில கன்னிமாரா லைப்ரரிலயோ கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துலயோ கேட்டுப் பாருங்க. ரெண்டு வெர்ஷன் இருக்கு, 1818ல பேர் போடாம வந்தது ஒண்ணு, 1831ல இத எழுதின மேரி ஷெல்லியே திருத்தினது இன்னொண்ணு. அத்தியாயம் 24 வரைக்கும் நேரா போச்சுன்னா அனேகமா 1831. நான் கீழ சொல்ற நம்பர் அதுக்குத்தான்.

ஒரு விஷயத்த மட்டும் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க. மேரி பொறந்து பத்து பன்னெண்டு நாள்ல அம்மா போயிட்டாங்க, 1815ல இவங்களோட மொத கொழந்த கொறமாசத்துல பொறந்து கொஞ்ச நாள்லயே தவறிடுச்சு, அடுத்த வருஷம் ஜெனீவா ஏரிக்கரையில இந்தக் கதைய எழுத ஆரம்பிக்கறப்ப வயசு 18. பெத்தவங்க இல்லாத ஒரு ஜீவனப் பத்தி எழுதணும்னு ஏன் தோணுச்சுன்னு யாரும் உங்களுக்கு க்ளாஸ் எடுக்க வேணாம்.

இப்ப படிக்கிற முறை. பென்சில் ஒண்ணு வெச்சுக்கோங்க, ஓரத்துல ரெண்டே விஷயம் குறிங்க: இந்த இடத்துல யாரு பேசுறா, அத யாரு கேக்குறா. அவ்ளோதான் மெத்தட். பயம், சயின்ஸ், கடவுள் பாத்திரத்துல மனுஷன் இதெல்லாம் தானா வரும், அத தேடாதீங்க.

ஆரம்பத்துல வர்ற லெட்டர்ஸ நெறைய பேரு ஸ்கிப் பண்ணுவாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. வால்டன்னு ஒருத்தன் வடதுருவத்துக்கு கப்பல்ல போறான், அக்காவுக்கு எழுதுறான், ரெண்டாவது லெட்டர்லயே எனக்கு ஒரு ஃப்ரெண்டு இல்லக்கான்னு பொலம்புறான், பேப்பர்ல எழுதலாம்தான் ஆனா மனசுல இருக்கறத அதுல எவ்ளோ சொல்லிட முடியும்ங்கறான். கப்பலுக்கு ஆளு சேத்துக்கிட்டு இருக்கறப்பவே இந்தப் பேச்சு. வேளச்சேரி பிஜில ரூமுக்கு மூணு பேரா இருந்துக்கிட்டு, பறக்கும் ரயில்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஆபீஸ் போயி வர்றவங்களுக்கு இந்த லெட்டர் உடனே புரியும்.

அடுத்து விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன், அந்த ஜீவன செஞ்ச ஆளு. அவன் தனிமைய பாத்து பாவப்படாதீங்க, இது என் அபிப்பிராயம். அவனுக்கு அப்பா இருக்காரு, கட்டிக்கப் போற எலிசபெத் இருக்கா, க்ளெர்வல் மாதிரி ஒரு நண்பன் இருக்கான். இவன் படிக்கப் போன இங்கோல்ஸ்டாட்ல ரூமப் பூட்டிக்கிட்டு வருஷக்கணக்கா ஊர்ப் பக்கமே போகாம, வீட்டுக்கு லெட்டரும் போடாம இருக்கான், வீட்ல கவலப்படுவாங்கன்னு தெரிஞ்சே இருக்கான். ப்ளூ டிக் விட்டுட்டு ரிப்ளை பண்ணாத ஆளு. ஜீவனுக்கு அது கூட கிடையாது, பேரு கூட யாரும் வெக்கல. இவங்க ரெண்டு பேரோட தனிமையும் ஒண்ணுன்னு நோட்ஸ்ல எழுதியிருந்தா அத அடிச்சிடுங்க.

11லேந்து 16 வரைக்கும் ஜீவனே கதை சொல்லுது, இங்க மெதுவா போங்க. ஒரு ஏழைக் குடும்பத்து வீட்ட ஒட்டின கொட்டகையில ஒளிஞ்சுக்கிட்டு பலகை இடுக்கு வழியா மாசக்கணக்கா பாக்குது. அவங்க பட்டினின்னு தெரிஞ்சதும் அவங்க சாப்பாட்ட திருடுறத நிறுத்திட்டு, ராத்திரில வெறகு பொறுக்கி வந்து வாசல்ல போடுது. 14ல, அந்த வீட்டுக்கு வந்து சேர்ற சாஃபிங்கற பொண்ணோட குடும்பத்து ஃப்ளாஷ்பேக் இழுவை, வேகமா ஓட்டுங்க. 15ல நிறுத்துங்க.

அந்த 15 தனியா படிக்கிறதில்ல. ஒரு ஃப்ரெண்ட கூப்பிட்டுக்கோங்க, லைப்ரரில சத்தம் போட முடியாது, காலைல பெசன்ட் நகர் பீச் சரியா வரும். ஒருத்தர் அந்த வீட்டுல இருக்கற கண்ணு தெரியாத டி லேசி பெரியவர், இன்னொருத்தர் ஜீவன், வாய்விட்டு மாத்தி மாத்தி படிங்க. புள்ளைங்க வாக்கிங் போயிருக்காங்க, பெரியவர் தனியா கிட்டார் வாசிக்கிறாரு, இது கதவத் தட்டுது. அவரு உள்ள வாங்கன்னு கூப்பிடுறாரு, மரியாதையா பேசுறாரு, ஏன்னா மூஞ்சி தெரியல. மொத தடவையா ஒரு மனுஷன் கேக்குறான், இது உண்மைய சொல்லிட்டு அவரு கையப் பிடிக்கிற நேரம் பாத்து மகன் ஃபெலிக்ஸ் உள்ள வந்துடுறான். பெரியவரோட முழங்காலக் கட்டிக்கிட்டு இருக்கற ஜீவன பிச்சு இழுத்துப் போட்டு கட்டையால அடிக்கிறான். எட்டடி ஒசரம், ஒரே இழுவையில அவன கிழிச்சிருக்கலாம், திருப்பி அடிக்காம ஓடிடுது. இந்த இடத்துல குரல் கம்மினா கம்மட்டும், கொஞ்சம் நிறுத்திட்டு படிங்க.

இதுக்கப்புறம் வர்ற கொலைங்கள நியாயப்படுத்தாதீங்க, விக்டரோட தம்பி, சின்னப் பையன் வில்லியம் என்ன பண்ணான். ஆனா 17ல அது கேக்குறத கவனிங்க. காசு இல்ல, மன்னிப்பு இல்ல, என்ன மாதிரியே ஒரு துணை செஞ்சு குடு, நாங்க தென்னமெரிக்கா காட்டுக்குப் போயிடுறோம், யார் கண்ணுலயும் பட மாட்டோம். அவ்ளோதான்.

சரின்னு ஒத்துக்கிட்ட விக்டர், 20ல பாதி செஞ்ச அந்தத் துணைய கிழிச்சுப் போடுறான். இங்கதான் உங்க ஃப்ரெண்டோட சண்ட போடணும். அவன் சொல்ற காரணத்துல ஒண்ணு, அந்தப் பொண்ணுக்கே இத புடிக்காம விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு. கேள்வி நியாயமானதுதான், துணைய ஆர்டர் குடுத்து செஞ்சா அது துணையாகுமா, அவ கிட்ட யாரு சம்மதம் கேட்டா? ஆனா அந்த நியாயம் வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க போச்சுன்னு நான் கேப்பேன். ஒருத்தர் விக்டர் கட்சி, ஒருத்தர் ஜீவன் கட்சி எடுத்துக்கிட்டு, 17ஐயும் 20ஐயும் பக்கத்துல வெச்சு வரி காட்டி பேசுங்க. பேசி முடிச்சிட்டு கடைசி அத்தியாயம் போங்க, அங்க வால்டன் முன்னாடி அது நின்னு பேசும், அந்த ஓரத்துல கேக்குறவர் பேருக்கு நேரா பென்சில்ல வால்டன்னு எழுதிக்கோங்க.