கொழுந்துச் சாக்கும் ஹில்லின் சமன்பாடும்: தசைக்கு ஒரு கணித மாதிரி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கவனித்திருப்பீர்கள். வெறும் சாக்கை ஒரே வீச்சில் தோளில் போட்டுவிடலாம். 20 கிலோ கொழுந்து நிறைந்த சாக்கு மெல்லத்தான் மேலே வரும். பாரம் கூடக்கூட தசை சுருங்கும் வேகம் குறைகிறது. இதை எக்செல்லில் போட்டுப் பார்ப்போம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

படி 1. தவளைத் தசையில் இந்தத் தொடர்பை அளந்து 1938இல் சமன்பாடாக எழுதியவர் ஆர்ச்சிபால்ட் ஹில். பெயரிலேயே மலை இருப்பதால் நமக்கு மறக்காது. நீளம் மாறாமல் முழுப் பலத்தோடு இழுக்கும்போது வரும் விசையை 1 என்றும், பாரமே இல்லாதபோது சுருங்கும் உச்ச வேகத்தை 1 என்றும் வைத்தால்:

விசை = (1 − வே) ÷ (1 + 4வே)

'வே' என்பது வேகம். அந்த 4 தசைக்குத் தசை மாறும். தொடங்க இது போதும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் இழுவையை இங்கே விட்டுவிட்டேன்.

படி 2. முதல் நிரலில் 0, 0.1, 0.3, 0.5, 1 என்று வேகத்தைப் போடுங்கள். விசை 1, 0.64, 0.32, 0.17, 0 என்று வரும். இரண்டையும் பெருக்கினால் வலு, 0.3க்கு அருகில்தான் அதன் உச்சம். ஏற்றத்தில் சைக்கிள் கியரைக் குறைப்பது இதற்குத்தான்.

படி 3. சுருங்கினாலும் தசையின் கனவளவு ஏறத்தாழ மாறாது. நீளம் 0.8 ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு 1.25, விட்டம் சுமார் 12 சதவீதம் கூடும். கையை மடக்கினால் புடைக்கிறதே, அதுதான்.

படி 4. சிவனொளிபாத மலையில் இறங்கும்போது முன்தொடைத் தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது. மறுநாள் வலி அதனால்தான். இங்கே வே எதிர்மறை. நான் முதல் தடவை −0.25 போட்டேன், பின்னத்தின் கீழே பூச்சியம் வந்து எக்செல் கைவிரித்தது. ஹில் எழுதியது சுருங்கும் தசைக்கு மட்டும். நீளும் தசையின் விசை 1ஐத் தாண்டும், ஆனால் எல்லையில்லாமல் ஏறாது. 1.5ஐ உச்சவரம்பாக வைத்து, வே பூச்சியத்துக்குக் கீழே −1 வரை போனால் இதைப் போடுங்கள்:

விசை = 1.5 − 0.5 × (1 + வே) ÷ (1 − 9வே)

இப்போது −0.25க்கு 1.38 வரும். 9 எங்கிருந்து வந்தது? வே = 0இல் இரண்டு சமன்பாடுகளையும் வகையிட்டுப் பாருங்கள்; சாய்வு இரண்டிலும் −5.