பவர் சப்ளை கட்டும்போது தவிர்க்க வேண்டியவை

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரைத் திருப்பிப் போடாதே, டயோடின் வெள்ளைக் கோட்டைப் பார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவை உடனே வெடித்துக் காட்டிவிடும். மறுமுறை யாரும் செய்வதில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் 4440 (ஆம்ப்ளிபயர் ஐசி) போர்டும் 12-0-12 (நடுவில் சென்டர் டேப் வயர், அதற்கு இரு பக்கமும் 12 வோல்ட்) டிரான்ஸ்பார்மரும் வாங்கிப்போய் முதல் ஆம்ப்ளிபயர் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது சத்தமில்லாத தவறுகளில்தான்.

12 வோல்ட்டுக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர்

"12 வோல்ட்தானண்ணே, 16 தாராளம்." இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். டிரான்ஸ்பார்மர் மேல் எழுதியிருக்கும் 12, ஆர்எம்எஸ் அளவு, அதாவது ஏசி அலையின் ஒருவகைச் சராசரி; உச்சி அல்ல. கெப்பாசிட்டரோ அலையின் உச்சிவரை சார்ஜ் ஆகும். 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 17. சென்டர் டேப்பில் ஒரு டயோடுக்கு 0.7 கழித்தால் 16.3. எடுத்த எடுப்பிலேயே 16 தாண்டியாயிற்று.

இன்னும் இருக்கிறது. அந்த 12, முழு லோடில் வரும் அளவு. லோடு இல்லாதபோது சின்ன டிரான்ஸ்பார்மர் 14 வரை காட்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட்டுகள் நிற்கும் நேரத்தில் லைனில் 230-க்குப் பதில் 250 வந்தால் அது 15-ஐத் தாண்டும். உச்சி சுமார் 21 வோல்ட்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். திருவிழாப் பந்தலில் பெட்டி மாலை முழுக்க ஒழுங்காகப் பாடும். பாடும்போது மல்டிமீட்டர் 13, 14 காட்டும். அதைப் பார்த்துத்தான் 16 வாங்குகிறார்கள். ராத்திரி பாட்டை நிறுத்திவிட்டு சுவிட்சை அணைக்காமல் படுப்பார்கள். லோடு இல்லை, லைனும் ஏறும். விடிந்து பார்த்தால் கெப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கும். "ராத்திரி சும்மாதானே இருந்துச்சு" என்பார்கள். சும்மா இருந்ததுதான் காரணம்.

25 வோல்ட் குறைந்தபட்சம், 35 நிம்மதி. விலை வித்தியாசம் ஒரு டீக் காசு. 4440-க்கே 13.2 வோல்ட்தான் பரிந்துரை, 21 அதற்கும் ஆகாது. 9-0-9 வாங்குங்கள், அதற்கும் 25 வோல்ட் கெப்பாசிட்டரே போடுங்கள்.

12-0-12-இன் இரு முனைகளையும் பிரிட்ஜில் (நான்கு டயோடு கட்டு) கொடுப்பது

நடு வயரை விட்டால் அது 24 வோல்ட். லோடு இல்லாமல் 38 வரை ஏறும். 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) தாங்குவது 35.

1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் 1 ஆம்பியர் டிசி கேட்பது

கெப்பாசிட்டர், உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் கரண்டைக் குத்துக் குத்தாக இழுக்கிறது. வைண்டிங் சூடாவது அதனால்தான். பிரிட்ஜில் சுமார் 0.6 ஆம்பியர்தான் எடுக்கலாம்.

1000 மைக்ரோஃபாரட் போதும் என்பது

50 ஹெர்ட்ஸ் லைனில் பிரிட்ஜ், கெப்பாசிட்டரை நொடிக்கு 100 தடவை நிரப்பும். இரண்டு நிரப்பலுக்கு நடுவே லோடைத் தாங்குவது கெப்பாசிட்டர் மட்டுமே. கரண்டை 100-ஆலும் ஃபாரட் அளவாலும் வகுத்தால் ரிப்பிள் (டிசி வோல்டேஜ் ஏறி இறங்கும் அளவு) ஏறக்குறையக் கிடைக்கும்: 1 ஆம்பியருக்கு 1000 போட்டால் கணக்கில் 10 வோல்ட், 4700 போட்டால் 2 வோல்ட். 7812-க்கு உள்ளே வருவது, பள்ளத்தில்கூட 14.5-க்குக் கீழே போகக் கூடாது. டிசி ரேஞ்சில் மீட்டர் சராசரியைத்தான் காட்டும், பள்ளம் தெரியாது. ஏசி ரேஞ்சிலும் ஒருமுறை பாருங்கள் (நேரே ஏசி ரேஞ்சில் வைத்தால் டிசியையும் சேர்த்துக் காட்டும் மலிவு மீட்டர்கள் உண்டு).

ஹம் (ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' இரைச்சல்) 100 ஹெர்ட்ஸ் என்றால் கெப்பாசிட்டர் போதவில்லை. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு டயோடு ஓப்பன் ஆகி (கரண்டைக் கடத்தாமல்) இருக்கலாம், அல்லது கிரவுண்டு வயரிங் கோளாறு.

85 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டரை ஹீட்சிங்க் பக்கத்தில் வைப்பது

மதுரை வெயிலில், தகரப் பெட்டிக்குள்? 105 டிகிரி வாங்குங்கள், தள்ளி வையுங்கள்.

கெப்பாசிட்டரைக் காலியாக்க ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது

எஸ்எம்பிஎஸ்-இன் (லைனை நேரே டிசியாக்கும் சுவிட்சிங் வகை பவர் சப்ளை) 400 வோல்ட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்குங்கள், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டிக் கால்களில் வையுங்கள். 100 மைக்ரோஃபாரட்டுக்கு 5 நொடி. பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே வராமல் கை வைக்காதீர்கள்.