வாளிக்கு ஒரு பாத் பாம்: ஈரக் காற்றிலும் உடையாத செய்முறை

எங்கள் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. மலேசியாவின் பீடோரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எந்த லயத்து வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. சிமெண்டுத் தரை, குழாய், வாளி, மொண்டு ஊற்ற ஒரு குவளை, அவ்வளவுதான். அதனால் பாத் பாம், அதாவது குளிக்கும் நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் உருண்டை, செய்யப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அத எங்க போடுவ?"

வாளியில்தான். அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். காலையிலிருந்து ரப்பர் பூட்ஸுக்குள் வெந்து கிடந்த கால்களோடு மதியம் வீட்டுக்கு வருவார். அரை வாளி வெதுவெதுப்பான நீரில் சின்ன உருண்டை ஒன்றைப் போட்டுக் காலை உள்ளே விட்டால் போதும், அந்த நுரைக்கே பாதி அலுப்பு போய்விடும். பெரிய தொட்டிக்குச் செய்யும் கிரிக்கெட் பந்து அளவெல்லாம் நமக்கு வேண்டாம். 50 கிராம் உருண்டை போதும்.

பாத் பாம் 1989-இல் இங்கிலாந்தின் பூல் நகரில் மோ கான்ஸ்டன்டைன் என்பவர் உருவாக்கியது. பின்னாளில் லஷ் என்ற குளியல், அழகுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நீரில் போட்டால் நுரைக்கும் ஆல்கா செல்ட்சர் மாத்திரையைப் பார்த்து அவருக்கு வந்த யோசனையாம். நமக்கு அதே சங்கதி ஈனோவாகத் தெரியும். வயிறு உப்பினால் தாத்தா கலக்கிக் குடிப்பாரே, அதிலும் சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும்தான். இரண்டும் பொடியாக இருக்கும் வரை சும்மா கிடக்கும். நீர் பட்டதும் கரியமில வாயு கிளம்பும்.

நீர் பட்டதும் என்றேன் பாருங்கள், அங்கேதான் நம் ஊரில் வம்பு. குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுத்து, நவம்பர் மாதம், வெளியே மழை கொட்டும்போது நான் முதல் தடவை செய்தேன். உருண்டைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் பார்த்தால் புளித்த இட்லி மாவு மாதிரி எல்லாம் பொங்கி, மேலே வெடித்து, அடியில் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தொட்டால் சொரசொரவென்று பஞ்சு மாதிரி இருந்தது. இரவு முழுக்கக் காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நுரைத்துத் தீர்ந்துவிட்டன.

அதற்கப்புறம் நாலைந்து முறை கெடுத்துத்தான் இந்த அளவுக்கு வந்தேன்.

தேவையானவை (7 உருண்டைகளுக்கு)

சமையல் சோடா 200 கிராம்
சிட்ரிக் ஆசிட் 100 கிராம்
சோளமாவு 50 கிராம்
கோகோ வெண்ணெய் 15 கிராம்
வாசனை எண்ணெய் 10 சொட்டு
ரப்பிங் ஆல்கஹால் (தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்), சின்ன ஸ்ப்ரே போத்தலில்

எல்லாம் கேக் சாமான் விற்கும் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். பேக்கிங் பவுடரை எடுத்து வந்துவிடாதீர்கள், அது வேறு. அளக்கக் கப் வேண்டாம், தராசு வையுங்கள். 100 கிராம் சிட்ரிக் ஆசிட் சுமார் 130 கிராம் சோடாவோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். மீதிச் சோடா நீரிலேயே கரைந்திருந்து காலுக்கு ஒரு வழவழப்பைத் தரும். ஆசிட்டைக் கூட்டினால் நுரை கூடும்தான், ஆனால் கால் வெடிப்பு இருந்தால் சுருக்கென்று எரியும்.

பல செய்முறைகளில் எப்சம் உப்பு இருக்கும். அந்த உப்பின் படிகத்துக்குள்ளேயே நீர் இருப்பதால் நான் உருண்டையில் சேர்ப்பதில்லை. வேண்டுமானால் தனியாக ஒரு பிடி வாளியில் போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் சேர்ப்பதில்லை. அது 24 பாகைக்கு மேல் உருகிவிடும், நம் ஊரில் அது உறைந்து நான் பார்த்ததே இல்லை. குளிர்நாட்டில் அதுவே உறைந்து உருண்டையைப் பிடித்து வைக்கும். இங்கே அந்த வேலைக்குக் கோகோ வெண்ணெய்தான் சரி. நம் வெயிலிலும் கெட்டியாக நிற்கும்.

எப்போது செய்வது

வெயில் அடிக்கும் நாளில், காலை 11 மணிக்கு மேல். காற்றில் ஈரம் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான். மூன்று, நான்கு மணிக்கு மழை வருவதற்குள் அச்சில் ஏற்றி முடித்துவிட வேண்டும். ஏர்கோன் அறை இருந்தால் இந்தக் கவலை இல்லை. பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது, ஆல்கஹால் தீப்பிடிக்கும்.

கலப்பது

முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சிட்ரிக் ஆசிட் தூசு மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சோடாவையும் சோளமாவையும் சலித்து, கட்டி இல்லாமல் பிசறிக்கொள்ளுங்கள். கோகோ வெண்ணெயைச் சூடான நீருக்குமேல் கிண்ணம் வைத்து உருக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, வாசனை எண்ணெயை அதில் கலந்து, மாவில் சிறிது சிறிதாக ஊற்றித் தேய்த்துவிடுங்கள். சிட்ரிக் ஆசிட்டைக் கடைசியில் சேருங்கள். முன்பே சேர்த்தால், கையில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் கிண்ணத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும்.

இனி ஆல்கஹால். இரண்டு முறை அடித்துப் பிசறுவது, மறுபடி இரண்டு முறை, இப்படியே. தண்ணீர் அடிக்கவே வேண்டாம். எப்போது நிறுத்துவது என்று கேட்டால், புட்டுக்கு மாவு பிசறத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித்தரவே வேண்டியதில்லை. கையில் எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். பிடி நிற்காவிட்டால் இன்னும் ஒரு முறை அடியுங்கள். கையில் ஒட்டினால் அதிகமாகிவிட்டது, ஒரு கரண்டி சோடா போட்டுப் பிசறுங்கள். அம்மாதான் இதைக் கண்டுபிடித்தார். நான் தராசோடு போராடிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தில் கைவிட்டு ஒரு பிடி பிடித்துப் பார்த்து, "இன்னும் பதம் வரல" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நிறத்துக்கு மஞ்சள்தூள் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம் சிவக்கிறதல்லவா, சோடாவும் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உள்ளதுதான். உருண்டை திட்டுத்திட்டாகப் பழுப்பேறும், வாளியும் துண்டும் கறைபடும். நான் வேலியில் பூக்கும் சங்குப்பூவைக் காயவைத்துப் பொடித்து அரைக் கரண்டி போடுகிறேன். ஈரம் பட்ட இடத்தில் ஆசிட் அதை ஊதாவாக்கும், வாளியில் கரைந்ததும் நீர் நீலமாகும். சின்னப் பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள்.

அச்சு

பக்கத்து வீட்டுச் சீன ஆண்டியின் மூன் கேக் அச்சைத்தான் இரவல் வாங்குகிறேன். மேலே அழுத்தும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் அச்சு. மாவை நிரப்பி, இறுக்கி அழுத்தி, உடனே தட்டில் தள்ளிவிடலாம். பூ வேலைப்பாடும் விழும். அது இல்லாவிட்டால் சிலிக்கான் ஐஸ் அச்சு போதும். அதிலேயே ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள்.

உலர்த்துவது

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்போமே, அதே வித்தை. இரண்டு கப் அரிசியை வாணலியில் வறுத்து, மூடிவைத்து ஆறவிட்டு, பெரிய தகர பிஸ்கட் டின்னில் பரப்புங்கள். மேலே ஒரு கம்பித் தட்டு, அதன்மேல் உருண்டைகள். மூடியை அழுத்தாமல் மேலாக வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். காய்ந்தபின் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். காயாததைப் போட்டு இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும், அதனால் கண்ணாடி ஜாடி வேண்டாம். குளிர்பெட்டியிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

எங்கள் வீட்டில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்ததில்லை. உடைந்தவற்றைத் தூளாக்கி வைத்துக்கொள்ளலாம், அதுவும் நுரைக்கும்.

அப்பாவுக்கு இதில் பங்கு கிடையாது. அவருக்குச் சர்க்கரை. சர்க்கரை நோயில் காலில் உணர்வு குறைந்திருந்தால் நீரின் சூடு தெரியாது, ஊறிய தோலில் புண் வந்தால் ஆறவும் நாளாகும். சர்க்கரை உள்ளவர்களும் காலில் வெட்டுக்காயம் உள்ளவர்களும் இதைத் தொட வேண்டாம்.

மற்றவர்கள் நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து, சுடாத பதத்தில் பத்து, பதினைந்து நிமிடம் காலை வைக்கலாம். போன வெள்ளிக்கிழமை அம்மா டிவி நாடகம் முடியும் வரை காலை எடுக்கவே இல்லை, நீர் ஆறிப்போய்ப் பச்சைத் தண்ணீரான பிறகும். முடித்ததும் வாளி நீரைக் குளியலறைத் தரையில் அப்படியே கொட்டாதீர்கள். கோகோ வெண்ணெய் சிமெண்டில் படிந்து வழுக்கும். வெளிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வாளியை ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.