புது பேஸ் கிட்டாருக்குக் காத்திருக்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் ஒத்திகை முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போனை நீட்டினான். தலைப்பகுதியே இல்லாத ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார், நெக் என்கிற கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் விசிறி மாதிரி சாய்ந்திருந்தன. இன்னும் கடைக்கு வரவில்லை. "முன்பணம் கட்டிட்டேன் அண்ணே. என் பழசுக்கும் ஆள் வந்தாச்சு, ஞாயித்துக்கிழமை கொடுத்துடறேன்" என்றான். எனக்குப் பதறிவிட்டது. 15 வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். அவனிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள், போலியை வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுப்பது

பேஸ் கிட்டாரின் ஈ ஸ்ட்ரிங் சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்தாவதாகச் சேரும் பி ஸ்ட்ரிங் சுமார் 31 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. அதில் கேட்பது மேலே எழும் உபசுரங்கள் மட்டும்தான், அடிநாதத்தை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்புறம், நீங்கள் வாசிக்கும் மண்டபத்தின் ஸ்பீக்கர் அந்த பி ஸ்ட்ரிங்கைத் தாங்குமா என்றும் யோசியுங்கள்.

புதியது வரும் முன்பே பழையதை விற்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

அப்போது என்னிடம் ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடல் வடிவத்தில் செய்த நாலு ஸ்ட்ரிங் கிட்டார் இருந்தது. ஓர் இடத்தில் புது வடிவமைப்பில் ஒன்று செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, படத்தைப் பார்த்தே மாசியில் முன்பணம் கட்டினேன். "பங்குனிக் கடைசியில் கையில் இருக்கும்" என்றார்கள். மீதிப் பணத்துக்காக என் கிட்டாரை ஒரு கல்லூரி மாணவனுக்கு 26,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

சித்திரை பிறந்தது, கிட்டார் வரவில்லை. முதலில் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வரவில்லை என்றார்கள், பிறகு பெயின்ட் காயவில்லை என்றார்கள். வைகாசி முழுக்க முகூர்த்தம். 11 கச்சேரிக்கு நாளுக்கு 700 ரூபாய் வாடகையில் ஒரு கிட்டார் எடுத்தேன். ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் பிசிறடிக்கும். ஆனியில் குழுத் தலைவர், "உன் கிட்டார் வந்ததும் வா தம்பி" என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். அது வந்து சேர்ந்தது ஆடியில். அம்மன் கோவில் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்தன, என் இடத்தில் வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

சரி, கிட்டாராவது நன்றாக இருந்ததா? தோளில் மாட்டிக் கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. அதை இடது கையால் தாங்கிக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரியில் மணிக்கட்டு விட்டுப்போகும். கிட்டார் உடலின் மேல் கொம்பு நீண்டு, ஸ்ட்ராப் மாட்டும் இடம் ஏறக்குறைய 12வது ஃப்ரெட்டுக்கு நேராக வந்தால் கிட்டார் சமனாக நிற்கும். இதில் கொம்பு குட்டை. படத்தில் அதுதான் அழகாகத் தெரிந்தது.

நெக்கும் கைக்கு ஒத்துவரவில்லை. நெக்கின் மேல் முனையில் ஸ்ட்ரிங்குகள் பதியும் கட்டைக்கு நட் என்று பெயர். ஜாஸ் பேஸில் அதன் அகலம் 38 மில்லிமீட்டர், இதில் 44. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வருஷக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த விரல் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங்கைத் தேடும். ஸ்கேல் நீளமும், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளமும், அப்படித்தான். 34 அங்குலம் பொதுவான அளவு, வயலின் வடிவ ஹாஃப்னரில் 30, டிங்வால் கம்பெனி செய்யும் விசிறி ஃப்ரெட் மாடல்களில் பி ஸ்ட்ரிங் 37 வரை போகும். முதல் ஃப்ரெட்டில் கை எவ்வளவு விரிய வேண்டும் என்பதை மடியில் வைத்தால்தான் உணர முடியும்.

பழைய கிட்டார் வீட்டில் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே ஆம்பில் மாற்றி மாற்றி வாசித்து, ஒரே நாளில் இதையெல்லாம் கண்டுபிடித்திருப்பேன். புதியதை அளக்க என்னிடம் இருந்த ஒரே அளவுகோலை நானே விற்றுவிட்டேன். குறை கிட்டாரில் இருக்கிறதா, என் கையில் இருக்கிறதா என்று தெரியாமலே ஒரு வருஷம் போனது. திரும்ப வாங்கலாம் என்று அந்த மாணவனிடம் போனேன். "மன்னிச்சுக்கங்க அண்ணே, இது இப்ப என் கைக்குப் பழகிடுச்சு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

அதனால் புதியதில் குறைந்தது பத்துக் கச்சேரி வாசித்து முடிக்கும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள். பணம் போதவில்லை என்றால் புதியது காத்திருக்கட்டும்.

ஸ்ட்ரிங் கிடைக்குமா என்று கேட்காமல் இருப்பது

தலையில்லாத கிட்டார்களில் சிலவற்றுக்கு இரு முனையிலும் குண்டு வைத்த ஸ்ட்ரிங்தான் பொருந்தும். ஸ்கேல் நீளமானவற்றுக்குச் சாதாரண ஸ்ட்ரிங் எட்டாமல் போகலாம். கச்சேரி அன்று மாலை ஸ்ட்ரிங் அறுந்தால் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா? வாங்கும்போதே இரண்டு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

முதல் தொகுதியிலேயே வாங்கத் துடிப்பது

ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. உடம்பில் படும் விளிம்புகளை 1954இல் சரித்தார்கள். இன்று நமக்குப் பழக்கமான, இரண்டாகப் பிரிந்த பிக்கப் வந்தது 1957இல். லியோ ஃபெண்டருக்கே ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் ஆறு மாதமாவது பொறுக்கலாம்.

ரசீது இல்லாமல் முன்பணம்

கொடுக்காதீர்கள்.

வந்த அன்றே மேடைக்குக் கொண்டுபோவது

நம் ஊர் ஈரக்காற்றில் நெக்கின் வளைவு மாறும். இரண்டு வாரம் வீட்டில் வைத்திருந்து, நெக்கையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிபார்த்து செட்டப் செய்த பிறகு எடுத்துப் போங்கள்.