பழைய லென்ஸ், புதிய கேமரா: எங்கே தவறுகிறோம்?

பழைய மேனுவல் லென்ஸை மாட்டி எடுத்த முதல் படங்கள் மங்கலாக வந்ததும் பலரும் சொல்வது, "அந்தக் காலத்து லென்ஸ், இவ்வளவுதான் வரும்." ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதைதான். பெரும்பாலும் லென்ஸ் நன்றாகவே இருக்கும். கோளாறு லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் அடாப்டரிலோ, கேமரா மெனுவிலோ, நாம் ஃபோகஸ் செய்யும் விதத்திலோ இருக்கும்.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. இரண்டு பக்கமும் பொருந்தினால் போதும் என்று அடாப்டர் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் லென்ஸ் பொருந்தும் வாயான மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் இருந்த, இப்போது சென்சார் இருக்கும் இடம்வரை இத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய திருகு மவுண்ட்டான எம்42-க்கு 45.46, கேனான் எஃப்டி-க்கு 42, நிக்கான் எஃப்-க்கு 46.5. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இது மிகக் குறைவு: சோனி இ மவுண்ட்டில் 18, நிக்கான் இசட்-இல் 16. மிச்ச இடைவெளியை ஒரு வெற்று உலோகக் குழாயே நிரப்பிவிடும், பிரச்சினை இல்லை. அந்தக் கண்ணாடி உள்ள, எஃப் மவுண்ட் கொண்ட நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 லென்ஸை மாட்டினால்தான் சிக்கல். லென்ஸ் கேட்பதைவிடக் கேமராவின் தூரமே அதிகம், அடாப்டருக்கு இடமே இல்லை. பக்கத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும், தொலைவில் இருப்பது ஆகாது. இதைச் சரிக்கட்ட நடுவே சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள். அந்த மலிவுக் கண்ணாடி வழியாகத்தான் படம் எடுக்கப்போகிறோம் என்றால் நல்ல லென்ஸ் எதற்கு?

சரியான அடாப்டரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இன்ஃபினிட்டி, அதாவது மிகத் தொலைவில் இருப்பதன் ஃபோகஸ், கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று பல தயாரிப்பாளர்கள் அதை ஒரு மயிரிழை குட்டையாகவே செய்கிறார்கள். அதனால் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போய்விடும், தூரத்து மலை மங்கலாக வரும். லென்ஸில் பொறித்த தூரக் குறிகளையும் நம்ப வேண்டாம். திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கூர்மை வந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஃபோகஸ் ஆன இடத்தைத் திரையில் வண்ணக் கோடுகளால் காட்டும் வசதி என்று சொல்லப்படும் ஃபோகஸ் பீக்கிங்கை அப்படியே நம்புவதுதான் அடுத்த தவறு. அதிகப் படங்களைக் கெடுப்பதும் இதுதான் என்பேன். திரையில் சிவப்பாக மின்னும் அந்தக் கோடுகள் ஃபோகஸைக் காட்டவில்லை. வெளிச்சமும் இருளும் அழுத்தமாகச் சந்திக்கும் விளிம்புகளைக் காட்டுகின்றன. 50 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளை) எஃப்/1.4 என்று அகலத் திறந்து வைத்து ஒரு முகத்தை எடுக்கிறீர்கள். மூக்குக்கண்ணாடி ஃபிரேம், புருவம், நெற்றி முடி எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும். உண்மையில் கூர்மையாக இருப்பது ஃபிரேம் மட்டுமாக இருக்கலாம், கண் அதற்குப் பின்னால் மங்கியிருக்கும். பீக்கிங்கைக் குறைந்த அளவில் வைத்து, தோராயமாக இடம் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். அப்புறம் பெரிதாக்கி இமை முடியைப் பாருங்கள். ஃபோகஸ் செய்துவிட்டு உடம்பு கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் போச்சு, அதனால் அடுத்தடுத்து நாலைந்து எடுத்துவிடுவது நல்லது. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்வது சுலபம்தான். ஆனால் துளை மிக அகலமாகத் திறக்கும் சில வேக லென்ஸ்களில் எஃப்/2.8-க்கு மூடியதும் ஃபோகஸ் சற்று நகர்ந்துவிடும். அந்த வகை என்றால் எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

மெனுவில் இரண்டு விஷயம். பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது; 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற தேர்வை இயக்காவிட்டால் பல கேமராக்கள் படமே எடுக்காது. கேமரா பழுது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. சென்சாரை அசைத்துக் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் உடலுக்குள் உள்ள கேமராவில் ஃபோகல் லெங்த்தை (50, 135 போன்ற மி.மீ. எண்) நாமே சொல்ல வேண்டும். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே கொடுங்கள். சிறிய சென்சார் என்று 1.5-ஆல் பெருக்க வேண்டாம். 135-ஐ எடுத்துவிட்டு 50-ஐ மாட்டியவர் எண்ணை மாற்ற மறந்தால், கேமரா தேவைக்கு மேல் சென்சாரை ஆட்டி அதுவே படத்தைக் கலைத்துவிடும்.

எஃப்/8 வைத்தும் பின்னணி கரைந்தே இருக்கிறதா? லென்ஸைத் திருப்பிப் பாருங்கள். பல எம்42 லென்ஸ்களின் பின்புறம் ஒரு சின்ன ஊசி இருக்கும். அதை அழுத்தாத அடாப்டர் என்றால், அப்பர்ச்சர் வளையத்தை எவ்வளவு திருகினாலும் துளையைச் சுருக்கும் இதழ்கள் மூடாது. லென்ஸில் மேனுவல் ஸ்விட்ச் இருந்தால் அதைத் தள்ளினால் சரி.

லென்ஸ் வாங்கும்போது உள்ளே ஒரு தூசி தெரிந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். தூசி படத்தில் தெரியாது. டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது பூஞ்சையின் சிலந்திவலைக் கோடுகளையும், பால் படிந்தது போன்ற மங்கலையும், இதழ்களில் எண்ணெயையும்தான். சூப்பர் டாகுமார் 50 எஃப்/1.4 போன்ற தோரியம் கலந்த லென்ஸ்கள் மஞ்சளாகிப்போயிருந்தால் கவலை வேண்டாம், புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், குவிந்த ஒளி தீ வைத்துவிடும்.

லென்ஸ் கண்ணாடியின் மேல் பூசிய பழைய கோட்டிங் எதிர்வெளிச்சத்தை அவ்வளவாகத் தாங்காது. லென்ஸ் முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் மாட்டாமல் எடுத்து, படம் வெளிறியது என்று நொந்துகொள்வதில் பயனில்லை. கனமான டெலி லென்ஸ் என்றால் ட்ரைபாடைக் கேமராவில் பூட்டாதீர்கள். அத்தனை எடையும் அடாப்டரிலும் மவுண்ட்டிலும் தொங்கும். லென்ஸிலோ அடாப்டரிலோ ட்ரைபாட் மாட்டும் இடம் இருந்தால் அதில் பூட்டுங்கள்.